காத்தவராயன் கதைப்பாடலும் யாழ்ப்பாணத்துச் சிந்துநடைக் கூத்தும்: ஒரு காதற்கதையின் அரங்கேற்றம் பற்றிய சமூகவியல் நோக்கு

1

ஈழத்துத் தமிழரங்கு பற்றிய ஆய்வுகளிற் காத்தவராயன் கூத்துக்குக் கிடைத்துள்ள இடம் அதன் செல்வாக்குக்கு ஏற்றதன்று. 1962இல் மேடையேறிய ‘கர்ணன் போர்’ முதலான தயாரிப்புக்கள் வாயிலாகப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் மேற்கொண்ட கூத்து மீட்பு முயற்சி, மட்டக்களப்பு மரபின் ஆட்டச் செழுமையைப் படித்தோர் கவனத்துக்குக் கொண்டுவந்தது. யாழ்ப்பாணத்து இசைநாடக மரபோ நடிகமணி வி. வி. வைரமுத்துவின் (1924–1989) குரலாலும் அவரது ‘மயான காண்ட’த்தாலும் நிலைபெற்றது. சிக்கலான அடவுகளும் சாஸ்திரீய இராகங்களும் இல்லாத, எளிய நடையும் எளிய மெட்டும் கொண்ட காத்தவராயன் கூத்து இவ்விரு மரபுகளுக்குமிடையே ஒதுங்கி நின்றது. எனினும் குடாநாட்டுக் கிராமங்களில் மிகப் பரவலாக ஆடப்பட்ட கூத்துக்களுள் ஒன்று இதுவேயாகும். இதன் பாட்டுக்களை மனனம் செய்யாத கிராமத்துப் பிள்ளைகள் ஒரு தலைமுறைக்கு முன்னர் அருமையாகவே இருந்தனர்.

இக்கட்டுரை எழுப்ப விரும்பும் வினா ஒன்றே. காத்தவராயன் கதை அடிப்படையிற் சாதி கடந்த காதலின் கதை. அக்காதலுக்காக ஒருவன் கழுவேற்றப்பட்ட கதை. சாதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த யாழ்ப்பாணச் சமூகம் இக்கதையை நேர்த்தி வைத்து ஆடியது எவ்வாறு? விடிய விடியப் பார்த்துக் கண்ணீர் விட்டது எவ்வாறு? கதைப்பாடலாக இருந்த ஒரு காதற்கதை பாடி ஆடும் அரங்காக மாறியபோது அதற்கு நிகழ்ந்தது என்ன என்பதை ஆராயாமல் இவ்வினாவுக்கு விடை காண்டல் இயலாது.

பழைய காதற்கதைகளை இசையரங்காக்கும் முயற்சி உலகெங்கும் காணப்படுவதொன்றே. எதிரிவீர சரச்சந்திர புத்த சாதகக் கதையொன்றை எடுத்து, நாடகம எனும் சிங்களக் கூத்துவடிவின் துணைகொண்டு 1956இல் ‘மனமே’யை ஆக்கினார். அடுத்த ஆண்டில் நியூயோர்க்கில் மேடையேறிய ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’ என்னும் இசைநாடகம், சேக்ஸ்பியரின் ரோமியோ – யூலியற் கதையை அந்நகரத்துக் குடியேறிகளின் தெருக்களுக்குக் கொண்டுவந்தது. மூலத்தில் இரு குடும்பங்களின் பகையாக இருந்தது புதிய வடிவில் இனப்பகையாயிற்று. சமூக முரண்பாடு கூர்மையுற்றது. யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்ததோ இதற்கு மறுதலை. மூலத்திற் கூர்மையாக இருந்த முரண்பாடு அரங்கில் மழுங்கியது. மழுங்கிய விதமும் அதற்கான காரணமுமே எமது அக்கறைக்குரியன.

2

காத்தவராயன் கதைப்பாடல் தமிழகத்தில், குறிப்பாகத் திருச்சிப் பிரதேசத்தைக் களமாகக் கொண்டு வழங்குவது. பேராசிரியர் நா. வானமாமலை இதனைப் பதிப்பிக்க, மதுரைப் பல்கலைக்கழகம் 1971இல் வெளியிட்டது. முத்துப்பட்டன் கதையும் அவர் பதிப்பில் அவ்வாண்டிலேயே வெளிவந்தது. காத்தவராயன், மதுரைவீரன், முத்துப்பட்டன் ஆகிய மூவர் கதைகளும் சாதி கடந்த காதலையும் அதன் விளைவான சாவையும் பொருளாகக் கொண்டவை. மூவருமே மரணத்தின் பின் தெய்வமானவர்கள்.

கதையின் எலும்புக்கூடு எளிதானது. தாழ்த்தப்பட்ட குலத்துக் காவற்காரன் வீட்டில் வளர்ந்த காத்தவராயன் பிராமணப் பெண்ணான ஆரியமாலையை விரும்புகிறான், மாறுவேடங்களிற் சென்று அவளை அடைகிறான், கவர்ந்து செல்கிறான், பிடிபட்டுக் கழுவேற்றப்படுகிறான். இவ்வெலும்புக்கூட்டின்மேல் இன்னொரு கதை போர்த்தப்பட்டுள்ளது. காத்தவராயன் உண்மையிற் கயிலையிற் பிறந்தவன். ஆரியமாலை தெய்வக் கன்னி. இருவரும் மண்ணில் வந்து பிறந்ததும் அவன் கழுவேறுவதும் முற்பிறப்புச் சாபத்தின் நிறைவேற்றம் என்பது அது. இந்தப் போர்வை பிற்காலத்தது என்பதும், காதலன் உயர்பிறப்பினனாக ஆக்கப்படுவதன் மூலம் சாதிக் கலப்பு எனும் ‘குற்றம்’ இல்லாததாக்கப்படுகின்றது என்பதும் வானமாமலையின் ஆய்வுநோக்கின் சாரமாகும். கொலையுண்டவனை மக்கள் மறக்கவில்லை. ஆதலின் அவனை வழிபட அனுமதித்துவிட்டு, அவன் கொலையுண்ட காரணத்தை மேலோர் கருத்துநிலை மறைத்துக்கொண்டது.

எனினும் கதைப்பாடலில் இம்மறைப்பு முழுமை பெறவில்லை. கதைப்பாடல் ஒருவர் சொல்லப் பலர் கேட்பது. கதைசொல்லி சாபத்தையும் சொல்கிறார், ஊர்ச்சபையையும் சொல்கிறார். அரசனின் தண்டனையையும் கழுமரம் நாட்டப்படுதலையும் சொல்கிறார். எது காரணம், எது சாட்டு என்பதைக் கேட்போன் தன் வாழ்க்கை அனுபவத்தைக் கொண்டு தீர்மானித்துக்கொள்ள அங்கு இடமுண்டு. தமிழ்த் திரைப்படம் இக்கதையை ‘ஆரியமாலா’ (1941), ‘காத்தவராயன்’ (1958) என இருமுறை எடுத்தாண்டது. நட்சத்திர நடிகரின் காதலும் சாகசமும் அங்கு முன்னிற்பது எதிர்பார்க்கத்தக்கதே. யாழ்ப்பாணக் கூத்தோ இக்கதையை வேறொரு திசையிற் கொண்டுசென்றது.

3

குடாநாட்டிற் காத்தான் கூத்து, சிந்துநடைக் கூத்து எனவும் வழங்கப்படும் இவ்வரங்கு மாரியம்மன் வழிபாட்டோடு இணைந்தது. அம்மை நோயும் கொள்ளை நோயும் அணுகாதிருக்க, அல்லது அணுகியது நீங்கியதன் நன்றியாக, நேர்த்திக்கடனாக ஆடப்படுவது. ஆட்டக்காரர் ஊரவர், பெண்பாத்திரங்களையும் ஆண்களே ஏற்பர், விரதமிருந்து ஆடும் வழக்கமும் உண்டு. உடுக்கும் தாளமும் ஆர்மோனியமும் ஒலிக்க, ஆடுபவர் ஒரு பக்கமிருந்து மறுபக்கத்துக்குத் துள்ளுநடையிற் சென்று பாட, பிற்பாட்டுக்காரர் அதனை வாங்கிப் பாடுவர். ஆட்டத்தின் கடுமை குறைவாதலால் நீண்டகாலப் பயிற்சி பெறாதவரும் இதில் இணையலாம். இந்த எளிமையையே இதன் குறைபாடாகச் சிலர் கருதினர். உண்மையில் அதுவே இதன் பெரும் பலமாக அமைந்தது.

கதைப்பாடல் கூத்தானபோது நிகழ்ந்த மாற்றங்களுள் மூன்றை இங்கு குறிப்பிடலாம்.

முதலாவது, கதையின் மையம் இடம்பெயர்ந்தமை. ஊருக்கு ஊர், அண்ணாவிக்கு அண்ணாவி பாடபேதம் உண்டெனினும், யாழ்ப்பாண மரபிற் கூத்தின் இதயமாக அமைவது தாயான முத்துமாரிக்கும் மகனான காத்தானுக்கும் இடையிலான தர்க்கமாகும். மகன் ஆரியப்பூமாலையை மணமுடித்துத் தருமாறு கேட்கிறான். தாய் மறுக்கிறாள், தடை சொல்கிறாள், நிபந்தனை விதிக்கிறாள். கதைப்பாடலிற் காதலனுக்கும் சாதியமைப்பைக் காக்கும் அதிகாரத்துக்கும் இடையே இருந்த மோதல், கூத்திற் பாசத்துக்கும் பிடிவாதத்துக்கும் இடையிலான குடும்பப் பிணக்காகிறது. ‘அவள் உனக்கு ஏற்றவள் அல்லள்’ என்பதைத் தண்டனையாகச் சொல்லவேண்டிய சமூகம் மேடையில் இல்லை. அதே மறுப்பைத் தாய் சொல்கிறாள், அழுதுகொண்டு சொல்கிறாள்.

இரண்டாவது, நாயகன் பலராகப் பிரிந்தமை. காத்தானின் வாழ்க்கைப் பருவங்களுக்கேற்ப வெவ்வேறு நடிகர் அப்பாத்திரத்தை ஏற்பர். பாலகாத்தான், ஆதிக்காத்தான், நடுக்காத்தான், பிற்காத்தான் என இவை வழங்கும். விடிய விடிய நடைபெறும் கூத்தில் ஒருவரே பாடுதல் அரிதென்பது இதற்கான நடைமுறைக் காரணம். ஆனால் இதன் கலைவிளைவு ஆழமானது. வளையற்காரனாகவும் கிளியாகவும் மாறுவேடம் பூண்டு காதலிக்கும் காத்தானின் குறும்பு ஒருவருடையது. கழுவை நோக்கி நடக்கும் காத்தானின் துயரம் இன்னொருவருடையது. காதலித்தவன் வேறு, சாகிறவன் வேறு என்ற உணர்வு பார்ப்போன் மனத்திற் படிந்துவிடுகின்றது. காதலுக்கும் தண்டனைக்கும் இடையேயுள்ள காரணகாரியத் தொடர்பு இங்கு அறியாமலே தளர்கிறது. கலைக்குத் தோழமையான ஏற்பாடொன்று கருத்துக்கு எதிரானதாக அமைவதற்கு இது ஓர் உதாரணமாகும்.

மூன்றாவது, கழுவேற்றம் சடங்கானமை. கழுமரம் நாட்டப்பட்டு, காத்தான் படிப்படியாகப் பாடியேறும் இறுதிக்கட்டம் பொழுது விடியும் வேளையில் வருவது. நித்திரை கொண்ட பிள்ளைகளும் அவ்வேளையில் எழுப்பப்படுவர். பெண்கள் கைகூப்பி நிற்பர். உருவேறி ஆடுவோரும் உண்டு. இங்கு கழு தண்டனைக் கருவியன்று. தாய் விதித்த நிபந்தனை. அதில் ஏறியவனுக்கு அவள் அருள் கிடைக்கிறது, ஆரியப்பூமாலையும் கிடைக்கிறாள். கொலை தவமாகிறது, கொலைக்களம் மணவறையாகிறது. கூத்து மங்களமாய் முடிகின்றது.

இம்மூன்று மாற்றங்களையும் எவரோ ஒருவர் திட்டமிட்டுச் செய்தார் எனக் கொள்ளவேண்டியதில்லை. சடங்கின் தேவை, ஆட்டத்தின் தேவை, ஊரின் இசைவு ஆகியன ஒன்றோடொன்று பொருந்தித் தலைமுறை தலைமுறையாக உருவாக்கிய வடிவம் இது. ஆயின் ஊரின் இசைவு என்பது வர்க்கங்களுக்கும் சாதிகளுக்கும் அப்பாற்பட்டதன்று. கோயில் முற்றத்தில், ஊரார் முன்னிலையில் எது பாடப்படலாம் என்பதை அந்த முற்றத்தின் மீது அதிகாரம் உடையோரின் விருப்பு வெறுப்புக்களும் தீர்மானித்தன.

4

காதல் மேடையில் இத்தனை கவனத்தோடு கையாளப்பட வேண்டியிருந்தது ஏன்? ‘சாதி அபிமானம்’ என்று விடைகூறி அமைவது போதாது. அபிமானத்துக்கும் ஓர் அடித்தளம் உண்டு.

ஒல்லாந்தர் 1707இல் சட்டக்கோவையாக்கிய தேசவழமை, யாழ்ப்பாணத்துச் சொத்துரிமையின் ஒழுங்கை எமக்குக் காட்டுகின்றது. முதுசம், சீதனம், தேடியதேட்டம் என அது சொத்தை வகுக்கிறது. இவற்றுள் சீதனம் பெண்வழிச் செல்வது; திருமணத்தின்போது காணியும் வீடும் நகையும் மகளுக்குக் கொடுக்கப்படுவது. குடாநாட்டிற் செய்கைபண்ணத்தக்க நிலம் மிகச் சுருங்கியது. கிணற்று நீரை நம்பிய தோட்டச் செய்கையில் ஒரு பரப்புக் காணியும் பெறுமதி உடையது. இத்தகைய சமூகத்தில் மகளின் கலியாணம் நிலம் கைமாறும் நிகழ்வாகும். எந்தக் குடும்பத்துக்கு எந்தக் காணி போவது என்ற வினாவைச் சாதிக்குள், பெரும்பாலும் சொந்தத்துக்குள், அடைத்து வைத்திருத்தல் நிலவுடைமையின் தேவை. அதே தேசவழமை அடிமைகள் பற்றிய விதிகளையும் கொண்டிருந்தது. அடிமை முறை 1844இற் சட்டப்படி ஒழிக்கப்பட்டபோதும், நிலமற்றோரின் குடிமைத் தொண்டூழியம் வேறு பெயர்களில் நீடித்தது.

இந்நிலையில் ஆரியமாலையின் காதல் ஓர் உள்ளத்து விவகாரம் மாத்திரமன்று. அவள் தான் விரும்பிய ஒருவனோடு போவாளாயின் அவளோடு போகவேண்டிய நிலமும் சேர்ந்தே சாதியின் எல்லையைக் கடக்கும். கதைப்பாடல் அவளைப் பிராமணப் பெண்ணென்கிறது. யாழ்ப்பாணத்திற் பிராமணர் கோயிலைச் சார்ந்து வாழ்ந்த சிறுதொகையினர். நிலமும் அதிகாரமும் வெள்ளாளரிடம் இருந்தன. மேடையில் ஆரியப்பூமாலை பிராமணப் பெண்ணாகவே தோன்றினாலும், பார்த்திருந்தோர் தம் ஊரின் எந்த வளவை எண்ணியிருப்பர் என்பதை ஊகித்தல் கடினமன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சைவ மறுமலர்ச்சியும் இவ்விடத்து நோக்கத்தக்கது. ஆறுமுகநாவலர் (1822–1879) சிறுதெய்வ வழிபாட்டையும் உயிர்ப்பலியையும் வன்மையாகக் கண்டித்தார். அவரது நோக்கம் மிசனரிமாரின் தாக்குதலுக்கு எதிராகச் சைவத்தைச் செப்பஞ்செய்தல். ஆயினும் அதன் ஒரு விளைவு, ஒடுக்கப்பட்ட மக்களின் தெய்வங்கள் ஒன்றில் ஒதுக்கப்பட்டன, அல்லது ஆகமக் கோயில்களின் பரிவாரங்களாக மேனிலையாக்கம் பெற்றன என்பதாகும். காத்தவராயனும் இவ்வழியில் ‘அம்மனின் பிள்ளை’ ஆனதன் மூலமே கோயில் முற்றத்தில் நிலைக்க முடிந்தது.

எனினும் கூத்தை ஆளும் கருத்துநிலையின் வெறும் கருவி எனத் தள்ளிவிடுவது இயங்கியல் நோக்காகாது. விடியற்காலையிற் கழுமரத்தின் கீழ் நின்று அழுதோரெல்லாம் ஒரே காரணத்துக்காக அழவில்லை. தெய்வத்தின் திருவிளையாடலை எண்ணி உருகியோர் இருந்தனர். தம் பிள்ளைகளுள் ஒருவன் அந்த மரத்தில் ஏறக்கூடும் என்பதை அறிந்து அழுதோரும் இருந்தனர். ஒரே பாட்டு இரு வேறு மக்களுக்கு இரு வேறு பொருள் தந்தது. இந்த இரட்டைத் தன்மையே அக்கூத்தை வாழவைத்தது. அதன் எல்லையும் அதுவே. பொழுது விடிந்ததும் ஆடியவர் தத்தம் ஒழுங்கைகளுக்குத் திரும்பினர்; ஒழுங்கைகள் முன்னிருந்தவாறே இருந்தன.

5

இவ்வெல்லையை உடைக்கும் முயற்சி 1960களின் இறுதியிற் கூத்தின் உள்ளிருந்தே வந்தது. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் பொது இடங்களிற் சாதி காட்டுவதைக் குற்றமாக்கியிருந்தும், தேநீர்க் கடைகளிலும் கோயில்களிலும் நடைமுறை மாறவில்லை. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட எழுச்சி ஊர்வலம் ஒரு திருப்புமுனையாயிற்று. தொடர்ந்து தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் தோன்றியது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிற் போராட்டம் நடைபெற்றது. சி. மௌனகுருவின் ‘சங்காரம்’ வடமோடிக் கூத்துவடிவிற் சாதி எனும் அரக்கனை மேடைக்குக் கொண்டுவந்தது இக்காலத்திலேயே.

எமது பொருளுக்கு நெருங்கியது ‘கந்தன் கருணை’. எழுத்தாளர் என். கே. ரகுநாதன் ஆலயப் பிரவேசத்தைப் பொருளாக வைத்து எழுதிய இந்நாடகத்தை 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் அம்பலத்தாடிகள் குழுவினர் கூத்தாக்கினர். அதற்கு அவர்கள் பெரிதும் பயன்படுத்தியது காத்தவராயன் கூத்தின் பாணியையே. இத்தேர்வு தற்செயலானதன்று. நீண்ட பயிற்சி வேண்டாத துள்ளுநடை, எவரும் பிற்பாட்டுப் பாடக்கூடிய மெட்டு, கோயில் முற்றத்தை நினைவூட்டும் உடுக்கொலி ஆகியன இயக்கத்துக்குப் பொருத்தமானவை. கோயிலுக்குள் விடப்படாத மக்களின் வழக்கைக் கோயிற் கூத்தின் மெட்டிலேயே பாடியமை, அம்மெட்டு யாருக்குச் சொந்தமானது என்ற வினாவையும் கூடவே எழுப்பிற்று. முன்னர் குறைபாடாகக் கருதப்பட்ட எளிமை இங்கு போராட்டத்தின் கருவியாயிற்று.

இச்சாதனையைக் குறைத்து மதிப்பிடல் இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆயினும் முற்போக்கு மரபினுள் நின்று ஆராய்வோர், அம்மரபின் விடுபடல்களையும் நேர்மையாகச் சுட்டவேண்டும். முற்போக்கு அரங்கு காத்தவராயன் கூத்தின் வடிவத்தை எடுத்துக்கொண்டது. அதன் கதையை விட்டுவிட்டது. மெட்டு வந்தது, ஆரியமாலை வரவில்லை. மதப்போர்வையை நீக்கி அக்காதற்கதையின் சமூக உள்ளடக்கத்தை வெளிக்கொணரும் ஒரு புதிய காத்தவராயன் அவ்வெழுச்சிக் காலத்தின் அரங்கினூடாக எமக்குக் கிடைக்கவில்லை.

இதற்குக் காரணம் கலைஞரின் கற்பனை வறுமை அன்று. கோயிற் கதவும் தேநீர்க் கடை வாங்கும் பொதுவெளியைச் சார்ந்தவை. அவற்றைத் திறக்கச் சட்டம் உண்டு, ஊர்வலம் உண்டு, பல சாதியாரின் ஐக்கிய முன்னணி உண்டு. வீட்டுக் கதவுக்கு இவை எதுவும் இல்லை. ஐக்கிய முன்னணியில் நின்ற மேற்சாதித் தோழரின் வீட்டுப் படலைக்குள்ளும் அவ்வினா புகும். ரகுநாதனே 1951இல் எழுதிய ‘நிலவிலே பேசுவோம்’ என்ற சிறுகதை இதனை முன்னுணர்ந்திருந்தது. சாதிச் சமத்துவம் பேசும் பெரியவர், தம்மைக் காணவந்த தாழ்த்தப்பட்ட சமூகத்தவரை வீட்டுக்குள் அழைக்காமல் வெளியே நிலவொளியில் இருந்து பேசலாம் என்பதே அக்கதையின் குத்தல். வீட்டினுள் அமர்வதற்கே இந்நிலையெனின், அவ்வீட்டிற் பெண் கேட்பது எத்தகையது? கோயில் திறந்தபோது ஒரு பரப்புக் காணியும் கைமாறவில்லை. கலியாணம் திறந்தால் காணி கைமாறும். முரண்பாட்டின் கருவறை அங்கேயே இருந்தது.

6

அதன்பின் யாழ்ப்பாணம் கண்ட மாற்றங்கள் பாரியவை. போர் ஊர்களைப் பெயர்த்தது; 1995இன் இடப்பெயர்வு வலிகாமத்தை வெறுமையாக்கியது; இலட்சக்கணக்கானோர் புலம்பெயர்ந்தனர். சாதி அழிந்துவிட்டது என்ற பேச்சும் எழுந்தது. ஆனால் இடம்பெயர்ந்தோர் முகாம்களில் நெடுங்காலம் எஞ்சியிருந்தோர் பெரும்பாலும் சொந்த நிலமற்ற, ஒடுக்கப்பட்ட சமூகத்தவரே என்பது நிலத்துக்கும் சாதிக்கும் உள்ள உறவு அறுபடவில்லை என்பதையே காட்டிற்று. மணமகன், மணமகள் தேவை விளம்பரங்கள் சாதிப்பெயரை வெளிப்படையாகவோ குறிப்பாகவோ இன்றும் தாங்கி வருகின்றன. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வளர்ந்த பிள்ளைகளின் திருமணப் பேச்சிலும் ஊரும் பகுதியும் விசாரிக்கப்படுகின்றன.

காத்தவராயன் கூத்தும் வாழ்கிறது. குடாநாட்டிலும் புலம்பெயர் நாடுகளின் மண்டபங்களிலும் அது ஆடப்படுகின்றது. பேராசிரியர் இ. பாலசுந்தரம் அதன் பனுவலைப் பதிப்பித்துக் காத்தமை ஆய்வுலகு நன்றியோடு நினைக்கவேண்டிய பணி. ஆனால் ‘எமது பாரம்பரியம்’ என்ற பெருமிதத்தோடு மட்டும் அதனை மேடையேற்றுவது, முன்னைய சடங்குப் போர்வைக்கு மேல் இன்னொரு போர்வையைப் போடுவதாகவே முடியும். இப்போது கழுமரத்தின் கீழ் கைகூப்புவோர் குறைவு; ஒளிப்படம் எடுப்போர் அதிகம். கழு ஏன் நாட்டப்பட்டது என்ற வினா இரு சாராரிடமும் எழவில்லை.

ஆதலின் இக்கூத்து பற்றிய எதிர்கால ஆய்வு இரு பணிகளை மேற்கொள்ள வேண்டும். ஒன்று, குடாநாட்டின் வெவ்வேறு ஊர்களிலும் வெவ்வேறு சாதியினரிடையேயும் வழங்கும் பாடபேதங்களைத் தனித்தனியே தொகுத்து, காத்தானின் பிறப்பும் தாயின் மறுப்பும் கழுவேற்றமும் எங்கெங்கே எவ்வாறு சொல்லப்படுகின்றன என்பதை ஒப்புநோக்கல். யார் எதை விட்டார், யார் எதைச் சேர்த்தார் என்பதிற் சமூக வரலாறு மறைந்துள்ளது. மற்றையது அரங்கக் கலைஞருக்குரியது. துள்ளுநடையையும் சிந்துமெட்டையும் அவ்வாறே வைத்துக்கொண்டு, தாயை நோக்கிக் கேட்கப்பட்ட கேள்வியை ஊரை நோக்கித் திருப்பும் ஒரு காத்தவராயனை ஆக்குதல் அப்பணியாகும். அக்கூத்தில் ஆரியமாலைக்கும் ஒரு தர்க்கப் பாட்டு வேண்டும். நூற்றுக்கணக்கான இரவுகளில் அவளுக்காக ஒருவன் கழுவேறியிருக்கிறான். அவளுடைய விருப்பம் என்னவென்று எமது மேடை இன்னும் விசாரிக்கவில்லை.